மகளுக்கு எழுதிய மூன்றுமாடி

1

கொழும்பில் சஞ்சிகை நடத்தும் நண்பர் போன மாதம் எழுதியிருந்தார். வட அமெரிக்கப் பெருநகரங்களில் சனங்கள் எப்படியான வீடுகளில் இருக்கிறார்கள், ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். "நீர் படவரைஞர்தானே, உமக்கு இது பெரிய வேலையில்லை" என்று முடித்திருந்தார்.

படவரைஞர்தான். யாழ்ப்பாணத்தில் பொதுவேலைக் கந்தோரில் பதினாறு வருடம் கட்டடப் படங்களுக்குக் கோடு போட்டவன். இங்கே மொன்றியலில், லாசாலில் உள்ள ஒரு தொழிற்சாலையில் அலுமினிய யன்னல் சட்டத்துக்கு றப்பர் பூட்டிக்கொண்டு பதினொரு வருடம் ஓடிவிட்டது. வரையத் தெரியுமா என்று இந்தப் பதினொரு வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நண்பர் கேட்டதால் எழுத உட்கார்ந்தேன்.

இன்று ஜூலை முதலாம் திகதி. இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்களில் முக்கால்வாசி ஜூன் முப்பதோடு முடிகின்றன. அதனால் ஊரில் பாதிச் சனம் ஒரே நாளில் வீடு மாறும். காலையிலிருந்து தெரு முழுக்க லொறிகள். எதிர்வீட்டு வெளிப்படியின் வளைவில் ஒரு சோபா இறுகிப்போய் நிற்கிறது. மேலே இருவர் தள்ள, கீழே இருவர் இழுக்க, நால்வரும் பிரெஞ்சில் தேவாலயச் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுடைய கெட்டவார்த்தை எல்லாம் கோயிலுக்குள்ளிருந்துதான் வரும்.

வீடுகளைப் பற்றி எழுதினால் என் மகளைப் பற்றியும் எழுத வேண்டிவரும். ஏனென்றால் அந்தப் பட்டினங்களை நான் பார்த்ததே அவளுடைய அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டுதான்.

2

முதலில் மொன்றியல்.

நாங்கள் வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். "மூன்றரை" என்று காவலாளி சொல்லித் தந்த வீடு. நானும் மனைவி ராஜியும் மகள் நிரோஷாவும் அந்த அரை அறையைத் தேடினோம். அலுமாரியைக்கூடத் திறந்து பார்த்தோம். கடைசியில் பார்த்தால் குளியலறைதான் அரை. சமையலறை முழு அறைக் கணக்கு. இந்த ஊர்க்காரர் வீட்டை இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

தொடர்மாடியை விட்டால், இந்த ஊரின் உண்மையான வீடு மூன்றுமாடிதான். செங்கல் முகப்பு, தட்டைக் கூரை, மாடிக்கு ஒரு குடும்பம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். முன்னுக்கு இரண்டு அறை, நடுவே நீளமான நடை, பின்னுக்குச் சமையலறை, அதற்கும் பின்னால் ஒரு மரப் பல்கனி. மேல்மாடிக்குப் போகும் படி மட்டும் வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, இரும்பில் வளைந்து ஏறும். வருடத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஊரில் படியை வெளியே வைத்தவன் யார் என்று முதல் மாரியில் சறுக்கி விழுந்தபோது நினைத்தேன். உள்ளே இடம் மிச்சம், படிக்கட்டைச் சூடாக்கும் செலவும் மிச்சம் என்று நிரோஷா பின்னாளில் விளக்கினாள்.

அப்படியொரு மூன்றுமாடியை மூன்று வருடத்துக்கு முன் நாங்களும் வாங்கினோம். இந்தக் கியூபெக் மாகாணம் கனடாவோடு இருப்பதா பிரிவதா என்று வாக்களிக்கப்போகிறது என்ற கதை எழுந்த நேரம். எங்கள் ஆட்கள் பலர் ரொறன்ரோவுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. கீழ்மாடியில் நாங்கள், மேலே இரண்டு குடித்தனம். வீட்டை நிரோஷாவின் பெயரில் எழுதினேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்குப் போவது. ராஜியின் சீதன வீட்டில்தான் நான் பன்னிரண்டு வருடம் இருந்தேன். மகள் பிறந்த அன்றே, இவளுக்கு ஒரு வீடு என்று மனதில் எழுதிவிடுவோம். கலியாணம் பேசும்போது எழுதுகிற உறுதிப் பத்திரத்தை நான் சற்று முந்தி எழுதிவிட்டேன், அவ்வளவுதான். அந்நிய நாட்டில் நாளைக்கு எனக்கு என்ன நடக்குமோ என்ற பயமும் இருந்தது.

நொத்தாரிசு கிழவர் உறுதி முழுவதையும் பிரெஞ்சில் உரக்க வாசித்தார். நிரோஷா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். ஒரு இடத்தில் அவர் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றி ஏதோ கேட்டார்.

"அப்பா, சொந்தக்காரி நான் மட்டும்தானாம். அது விளங்குதோ எண்டு கேக்கிறார்."

"ஓம், விளங்குது எண்டு சொல்லு."

"உங்களை இல்லை அப்பா. என்னைக் கேக்கிறார்."

எல்லோரும் சிரித்தோம். அவள் "உய்", ஓம் என்றாள். கையெழுத்துப் போட்டாள். வரும் வழியில் கோப்பி குடித்தோம்.

3

நிரோஷா படித்தது கட்டடக்கலை. போன கோடையில், சாதாரணச் சனங்கள் இருக்கும் பழைய வீடுகளைப் பட்டினத்துக்குப் பட்டினம் அளந்து ஒப்பிட வேண்டும் என்று ஒரு வேலையைத் தூக்கிக்கொண்டாள். இங்கே ஜூலைக் கடைசியில் கட்டட வேலைகள் எல்லாம் இரண்டு கிழமை மூடும். யன்னல் தொழிற்சாலையும் மூடும். "சும்மாதானே இருக்கப்போறியள், நாடாவின்ரை மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ" என்று என்னையும் காரில் ஏற்றினாள். ராஜி வரவில்லை. இரண்டு பேரும் வீட்டைப் பார்ப்பீர்கள், நான் காருக்குள் இருந்து உங்களைப் பார்ப்பதா என்றாள்.

பொஸ்டனில் எங்களுடையதைப் போலவே மூன்று குடும்பம் மூன்று மாடி. ஆனால் முழுவதும் மரம். படி உள்ளே. ஒவ்வொரு மாடிக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் விறாந்தை. வீட்டுக்கு வீடு இடைவெளி இருந்தது, நாலு பக்கமும் வெளிச்சம் வந்தது. எனக்கு மரத்தைக் கண்டதும் கறையான் ஞாபகம்தான் வந்தது. இதை ஒரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது என்று நினைத்தேன்.

நியூயோர்க்கில் கபிலக் கல் முகப்பு வைத்த உயர்ந்த வீடுகள். தெருவிலிருந்து பத்துப் படி ஏறித்தான் வாசல். ஒரு காலத்தில் ஒரே குடும்பம் இருந்ததாம், இப்போது மாடி மாடியாக வெட்டியிருக்கிறார்கள். ஏழைகளுக்குக் கட்டிய பழைய மாடிவீடு ஒன்றையும் அளந்தோம். நடை என்பதே கிடையாது. அறைக்குப் பின்னால் அறை, ரெயில் பெட்டி மாதிரி. கடைசி அறைக்குப் போக எல்லோருடைய கட்டிலையும் தாண்ட வேண்டும். வயதுவந்த பெண்ணை எந்த அறையில் விடுவார்கள் என்று கேட்டேன். நிரோஷா அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள்.

பிலடெல்பியாவில் வீடு இன்னும் ஒடுங்கிவிட்டது. கதவைத் திறந்தால் நேரே நடைபாதை. தெரு முழுக்க ஒரே வரிசை, ஒரே செங்கல். பின்சந்துகளில் மாடிக்கு ஒரு அறை மட்டும் வைத்து மூன்று அறையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய வீடுகளும் இருந்தன. இரண்டு கையையும் விரித்து நின்றேன். இன்னும் ஒருவர் அப்படி நின்றால் அடுத்த சுவர்.

கடைசியாகச் சிக்காகோ. இரண்டு மாடிச் செங்கல் வீடு, முகப்பில் சாம்பல் கல். கீழே சொந்தக்காரர், மேலே வாடகை. முன்பக்கம் கோட்டுச் சூட்டுப் போட்ட மாதிரி நிமிர்ந்து நிற்கும். பின்பக்கம் போனால் சாம்பல் வர்ணம் பூசிய மரப்படிகளும் மரப் பல்கனிகளும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஒரு ஒழுங்கை, அதாவது பின்சந்து. குப்பை, கார், துவைத்த உடுப்பு எல்லாம் அங்கே. மொன்றியல் படியை முன்னுக்குக் காட்டும், சிக்காகோ பின்னுக்கு ஒளிக்கும் என்று நிரோஷா சொன்னாள். அந்த ஒழுங்கையில் அவள் அளப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா நின்றாள்.

"ஒவ்வொரு வீட்டையும் அப்பிடி என்னத்தைப் பாக்கிறியள், அப்பா?"

"குடுக்கக்கூடிய வீடோ எண்டு பாக்கிறன்."

"வீடு குடுக்கிற சாமானோ?"

"பின்னை?"

"ஆக்கள் இருக்கிற இடம்." நாடாவைச் சுருட்டினாள். "எனக்கு இந்த ஊரிலை வேலை செய்ய விருப்பம்."

பிள்ளைகள் சொல்லும் ஆயிரத்தில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

4

திரும்பி வந்த கையோடு நான் ஒரு வேலை செய்தேன். தொழிற்சாலையில் கழித்துவிட்ட அலுமினியச் சட்டங்களைக் கேட்டு வாங்கி, எங்கள் பின்பல்கனியைக் கண்ணாடியால் அடைத்தேன். இரண்டு சனிக்கிழமை வேலை. நல்ல வேலை. மூலை மட்டத்தில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ராஜி மாரியிலும் அதற்குள் உடுப்புக் காயவிட்டாள். சொந்த வீட்டில் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்க யாரையும் கேட்டு அறியாதவர்கள் நாங்கள். அனுமதி என்ற சொல்லே என் மண்டையில் வரவில்லை. ஒரு படவரைஞனுக்கு, அதுவும் அனுமதிப்படம் வரைந்தே சோறு தின்றவனுக்கு, வந்திருக்க வேண்டும்.

தை மாதம் மாநகரசபையிலிருந்து பதிவுத்தபால் வந்தது. நிரோஷாவின் பெயருக்கு. அனுமதியில்லாமல் கட்டியதற்கு விளக்கம் சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள்.

இருவரும் போனோம். நிரோஷாவைவிட நாலைந்து வயது மூத்த ஒரு இளைஞன் இருந்தான். "பொன்ஜூர், மடாம்" என்று அவளுக்கு மட்டும் சொன்னான். கோப்பொன்றை விரித்தான், படத்தைக் காட்டினான், கேள்வி கேட்டான். நான் பக்கத்துக் கதிரையில் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பதினொரு வருடத்தில் எனக்கு வந்த பிரெஞ்சு, கடையில் பால் வாங்கவும் கங்காணிக்கு மறுமொழி சொல்லவும் போதும். இதற்குப் போதாது. ஆனால் யார் கட்டியது என்று அவன் கேட்டதும், நான்தான் என்று அவள் சொன்னதும் விளங்கியது.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது கேட்டேன்.

"ஏன் பிள்ளை, கட்டினது நீ எண்டு சொன்னனி?"

"நீங்கள் எண்டு சொன்னால், அவர் ஆர் எண்டு கேப்பான். வீட்டிலை உங்களுக்கு ஒரு பேரும் இல்லையே. குடியிருக்கிறவர் எண்டால் ஒப்பந்தம் எங்கை எண்டு கேப்பான். அதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கும் கோபம் வரவில்லை, கவலையும் வரவில்லை. பனியில் நின்ற கால் மாதிரி உள்ளே ஏதோ மரத்துப்போனது தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை கண்ணாடிகளைக் கழற்றினேன்.

5

பங்குனியில் சிக்காகோவிலிருந்து அவளுக்கு வேலைக் கடிதம் வந்தது. பழைய வீடுகளைத் திருத்தும் ஒரு சிறிய நிறுவனம். ஓகஸ்டில் தொடங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னாள். ராஜி கறியைக் கிளறிக்கொண்டே கேட்டாள், "எத்தினை வருசத்துக்கு?"

"தெரியாது அம்மா." பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, வீட்டை உங்கடை பேருக்கு மாத்துவம். மேல்வீட்டு மனுசி சூடு வரேல்லை எண்டால் எனக்குத்தான் ரெலிபோன் அடிக்கிறா. கடிதம் எல்லாம் எனக்குத்தான் வருது. அங்கையிருந்து என்னாலை ஏலாது."

"குடுத்த வீட்டைத் திருப்பி வேண்டிறதோ?"

"என்ன பிழை?"

"சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம், அப்பா?"

யோசித்துப் பார்த்தேன். பாதிப்பேர் ரொறன்ரோ போய்விட்டார்கள். மிச்சப்பேர் எந்த வீடு யார் பெயரில் என்று பார்க்க நேரமில்லாமல் இரண்டு வேலை செய்கிறார்கள். ஆனாலும் மாட்டேன் என்றேன். மகளுக்கு எழுதிய சீதனத்தை வாங்கித் தன் பெயரில் போட்டவன் என்ற பெயரை, ஒருவரும் சொல்லாவிட்டாலும், நான் எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

புறநகர் கர்க்லாண்டில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார், சேஷாத்ரி. முப்பது வருடமாக இங்கே பொறியியலாளர். கோயிலில் பழக்கம். பெரிய தனிவீடு, முன்னுக்குப் புல், இரண்டு கார்க்கொட்டகை. அவரிடம் கேட்டேன்.

"இதுல என்ன சார் இருக்கு? நோட்டரிகிட்ட போய் உங்க பேர்ல மாத்திக்குங்க. அப்பாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல என்ன?"

"எங்களிலை அது சரியில்லை, ஐயா. எழுதினால் எழுதினதுதான். அது பிள்ளையின்ரை."

"அப்போ அவ வித்துட்டா?"

"விக்கமாட்டாள்" என்றேன்.

சீதன வீட்டை விற்ற பெண்ணை நான் கண்டதில்லை. வீட்டை எழுதினால் பிள்ளை அந்த வீட்டைச் சுற்றித்தான் இருக்கும், வேலையும் மாப்பிள்ளையும் அங்கேயே வந்துசேரும் என்ற கணக்கில் வளர்ந்தவன். அந்தக் கணக்கை இங்கே போட்டது என் பிழை. உறுதியில் அவளைச் சொந்தக்காரி என்று எழுதிவிட்டு, மனதில் அவளைக் கட்டிவைத்திருந்திருக்கிறேன்.

அவள் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் மாட்டேன் என்றேன். மூன்றாம் தரம், "அப்ப நான் விக்கத்தான் வேணும், அப்பா" என்றாள். "உன்ரை வீடு" என்றேன். அப்படிச் சொன்னால் பின்வாங்குவாள் என்று நினைத்தேன். அடுத்த கிழமை முன்படிக் கம்பியில் விற்பனைப் பலகை தொங்கியது. வேலைக்குப் போகவும் வரவும் அதைத் தாண்டித்தான் போனேன். நாலாம் நாள் பழகிவிட்டது.

ஒரு இளம் சோடி வந்து பார்த்தது. அவன் கியூபெக்காரன், அவள் ஹெயிட்டிக்காரி, வயிற்றில் பிள்ளை. நடுமாடிக்காரர் ஜூன் முடிய வீட்டை விட்டு எழும்புவதால் அதில் தாங்கள் இருக்கப்போவதாகச் சொன்னார்கள். கீழ்மாடியைச் சுற்றிக்காட்டியது நான்தான். நடையின் அகலம், சுவரின் கனம், எந்த யன்னலில் காற்று வரும் என்பதெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் போகும்போது என் கையைப் பிடித்து "மெர்சி, மிஸ்யூ" என்றாள். நல்ல பிள்ளைகள். எங்கே போய் இருப்பது என்று நானும் கேட்கவில்லை, ராஜியும் கேட்கவில்லை. திரும்பக் கோட்-டெ-நெய்ஜ் மூன்றரைக்குத்தான் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

6

இவ்வளவும் எழுதிவிட்டு மத்தியானம் பேனையை வைத்தேன். நிரோஷா சமையலறைக்குக் கூப்பிட்டாள். மேசையில் நாலு பக்க அச்சுத்தாள். எல்லாம் பிரெஞ்சு.

"என்ன இது?"

"வாடகை ஒப்பந்தம். கீழ்வீட்டுக்கு. இண்டையிலிருந்து மூண்டு வருசம். வீட்டை ஆர் வேண்டினாலும் இதைக் கழிக்கேலாது, சட்டம். அதுவரைக்கும் உங்களை எழுப்பவும் ஏலாது. வேண்டிற ஆக்களுக்கு முதலே சொல்லித்தான் விலை பேசினனான். அவைக்குச் சம்மதம்."

வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் அவள் பெயர். குடியிருப்பவர் என்ற இடத்தில் என் பெயரும் ராஜியின் பெயரும். எங்களுக்குத் தெரியாமல் எத்தனை நாள் இதற்கு அலைந்தாளோ. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். சுவரில் ஆணி அடிக்கலாம். நாய் வளர்க்கக்கூடாது.

"படியிலை பனி தள்ளுறது ஆர் எண்டு கேட்டிருக்கு."

"நான்தானே தள்ளுறனான்."

"இல்லை அப்பா. சொந்தக்காரர் தள்ளவேணும். அப்பிடி எழுதிறன். நீங்கள் இனித் தள்ளவேண்டாம்."

எழுதினாள். எழுத்து என்னுடைய எழுத்து மாதிரியே நேராக, சதுரமாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். ராஜி ஈரக்கையைத் துடைத்துவிட்டு வந்து தமிழில் தன் பெயரை எழுதினாள். நிரோஷா கடைசியாகப் போட்டாள். நன்றி சொல்வதா, அழுவதா, கோபிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. தாளில் மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விக்கிற உறுதி எப்ப?" என்று ராஜி கேட்டாள்.

"இந்த மாசம் முப்பதாந் திகதி, அம்மா."

ராஜி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். பங்குனிக்குப் பிறகு அவள் இந்த வீட்டைப் பற்றி வாய் திறந்தது அப்போதுதான்.

"அப்ப முப்பதாந் திகதி வரைக்கும் நாங்கள் பிள்ளையின்ரை வீட்டிலை இருக்கிறம்."

கேட்பவர்களுக்கெல்லாம் அம்மா அப்பா வீடு என்றே இதுவரை சொல்லிவந்தவள் நிரோஷா.

"ஓம் அம்மா" என்றாள். "என்ரை வீட்டிலைதான் இருக்கிறியள்."